முன்னணையில் ஒரு சாவி

பூட்டுக்காரர் சாவியை வாயில் வைத்து நக்கிப் பார்ப்பதைக் கண்டதும் எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டார்.

“என்னண்ணே, வீட்ல இன்னிக்கு ஒண்ணும் குடுக்கலையா?”

பூட்டுக்காரர் நாக்கு நுனியில் பட்டதை மேலண்ணத்தில் தேய்த்து ருசி பார்த்தார். பிறகு சாவியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெட்டுக் காடியின் அடியில், பல்லுக்கும் தண்டுக்கும் நடுவே, மயிரிழை அளவுக்கு மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. கசந்தது. எலுமிச்சை வாசனை அடித்தது. சந்தேகமே இல்லை, சோப்பு.

அது அவர் வீட்டுச் சாவி. பூட்டுக்கு எண்ணெய் விடுபவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பென்சில் தூளைத் தவிர வேறெதையும் பூட்டுக்குள் விடமாட்டார். அப்படிப்பட்டவரின் சாவியில் சோப்பு ஒட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், தொழிலில் இருப்பவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. யாரோ அந்தச் சாவியை சோப்புக் கட்டியில் அழுத்தி அச்சு எடுத்திருக்கிறார்கள். அச்சு கிடைத்தால் போதும், அரம் பிடிக்கத் தெரிந்த எவனும் அதே மாதிரி இன்னொன்று வெட்டிவிடுவான்.

“ஒண்ணுமில்லய்யா. நீ உன் வேலையப் பாரு” என்றார்.

“நக்கறத நீங்க நக்கிட்டு, என்னைய வேலையப் பாருங்கறீங்க” என்று முனகிவிட்டுத் தையல்காரர் மெஷினை மிதித்தார். பண்டிகை நெருக்கம். அவருக்குத் தலைக்கு மேல் வேலை கிடந்தது.

பூட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தார். சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான் இருக்கும். குளிக்கப் போகும்போது மட்டும் சமையலறை அலமாரியில் கழற்றி வைப்பார். ஆக, வெளியாள் கை படவே வழியில்லை. வீட்டில் இருப்பது மனைவி, மகன், மருமகள். மனைவி அவர் கிழித்த கோட்டைத் தாண்டாதவள். மகன் இதே கடையில் இதே இடுக்கியில் வேலை செய்கிறவன், அவனுக்கு சாவி வேண்டுமென்றால் பக்கத்தில் வைத்துப் பார்த்து வெட்டிக்கொண்டு போவான், சோப்பு எதற்கு? மிச்சம் ஒருத்தி. இந்த வருஷம்தான் வீட்டுக்கு வந்தவள். பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை, ஊர்ப்பட்ட ஆட்களோடு பழக்கம். மஞ்சளாக, எலுமிச்சை வாசனையோடு ஒரு சோப்பு வைத்திருக்கிறாள். மற்ற மூவரும் துணி துவைக்கிற கட்டி சோப்புதான் போடுவார்கள்.

“அட ஆண்டவரே” என்றார் வாய்விட்டு.

அவர் சந்தேகப் பிராணி என்பது தெருவுக்கே தெரியும். கடையில் சாவி வெட்ட வருபவனிடம் “இது யார் வீட்டுச் சாவி?” என்று குடைந்து குடைந்து கேட்பார். சரியாகப் பதில் வராவிட்டால் வெட்டமாட்டார். ஆனால் ஒன்று, தான் பூட்டிய பூட்டை மட்டும் சந்தேகப்படவே மாட்டார். தையல்காரர் ஷட்டரை இறக்கிப் பூட்டி, மூன்று தரம் இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தரமும் இழுத்துப் பார்ப்பார். பூட்டுக்காரருக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

“பூட்டிட்டு இழுத்துப் பாக்கறவன் பூட்டு வாங்கக் கூடாதுய்யா, நாய் வளக்கணும். சத்தம் கேட்டுச்சா? களக்குன்னு கேட்டுச்சா? அவ்ளோதான். திரும்பிப் பாக்காம நடக்கணும்.”

அவர் அப்படித்தான் நடப்பார். ஒரு வருஷமா, இரண்டு வருஷமா, ஆயுசு முழுக்க அப்படித்தான் நடந்திருக்கிறார்.

கடையை அடைக்கும்போது தையல்காரர் ஊசியில் நூல் கோர்த்தபடி சொன்னார். “அண்ணே, கேக்கணும்னு நெனச்சேன். போன வாரம் உங்க மருமக பஸ் டிரைவர் கையில ஒரு பொட்டலம் குடுத்துட்டிருந்துச்சு. சின்னப் பொட்டலம். நான் பாத்ததும் சிரிச்சுச்சு. ஊருக்கு ஏதும் அனுப்புதோ?”

“எவ்வளவு சின்னது?”

“என்ன, ஒரு சோப்பு டப்பா அளவு இருக்கும்.”

பூட்டுக்காரர் குடையை விரிக்க மறந்து மழையில் இறங்கி நடந்தார்.

மழை விட்டபாடில்லை. சுவரெல்லாம் ஓதம் காத்து, துணி காயாமல், வீட்டுக்குள் ஈர வாடை அடித்தது. தெருக்கதவு ஊறிப் பருத்துவிட்டது. உள்ளிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளி நெரித்தால்தான் முழுசாகச் சாத்திக்கொள்ளும்.

ரொட்டியும் சூப்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மருமகள் பேச்செடுத்தாள்.

“மாமா, கதவு ரொம்ப ஒட்டுது. ஓரத்துல கொஞ்சம் சீவி விட்டா நல்லாருக்கும்ல?”

“கதவப் பத்தி உனக்கென்னம்மா கவலை?”

“எனக்கென்ன மாமா கவலை. காலையில வேலைக்குப் போறப்ப இழுத்து இழுத்து தோள்பட்டை கழண்டு போகுது. வெளிய நின்னு இழுத்தா முழுசா சாத்தவே மாட்டேங்குது.”

“மழை விட்டா தானா சரியாகும்.” ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். “உன்னோட அந்த மஞ்ச சோப்பு வாசனை நல்லாருக்கே. எங்க அது?”

மகன் சிரித்தேவிட்டான். அப்பா சோப்பு வாசனையைப் பற்றிப் பேசி அவன் கேட்டதில்லை.

“பழசு காணோம் மாமா. வச்ச எடத்துல இல்ல. புதுசு பிரிச்சுட்டேன்.”

“காணோமா! சோப்புக்குக் கால் முளைச்சு நடந்து போயிருச்சாக்கும்.”

“நான்தாங்க எடுத்தேன்” என்றாள் மனைவி, சூப்புக் கிண்ணத்தைப் பார்த்தபடி. “துணிக்குப் போட்டுத் தீத்துட்டேன்.”

வாசனை சோப்பைத் துணிக்குப் போடுகிறவளா அவள்? மருமகளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று பூட்டுக்காரர் முடிவு கட்டினார். வீட்டில் இரண்டு பெண்களும் ஒரு கட்சி ஆகிவிட்டார்கள். தனியாகத்தான் இதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மருமகள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

“மாமா, உங்க மகன் சொன்னாரு. பண்டிகை அன்னிக்கு சர்ச்சுல இருந்து வந்ததும் உள்பக்கமா பூட்டிட்டு, சாவிய குடில் முன்னணையில வச்சிருவீங்களாமே. பொழுது சாயற வரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாது, யாரும் உள்ள வரக் கூடாதாமே. எதுக்கு மாமா?”

“நம்ம வீட்டு வழக்கம்.”

“எங்க வீட்ல கதவு சாத்திக்காம இருக்க செங்கல்ல முட்டுக் குடுத்து வச்சிருப்போம். யார் வர்றா, யார் போறான்னே தெரியாது. ஒரு வருஷம் யாருன்னே தெரியாத ஒருத்தர் வந்து கேக் சாப்ட்டு, பாட்டும் பாடிட்டுப் போனாரு!”

“அதான் தெரியுதே” என்றார் பூட்டுக்காரர்.

அந்த வழக்கம் எப்படி வந்தது என்று மகனுக்கே தெரியாது. அப்போது அவன் தவழ்கிற குழந்தை. பூட்டுக்காரருக்கு ஒரு தம்பி இருந்தான். கடையில் கூடவே வேலை, வீட்டில் கூடவே சாப்பாடு. அண்ணனைவிடக் கைவேலை சுத்தம் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். ஒரு கிறிஸ்துமஸ் விடியற்காலை எல்லோரும் ஆராதனைக்குப் போனார்கள். தம்பி மட்டும் காய்ச்சல் என்று கடை மாடியில் படுத்திருந்தான். திரும்பி வந்தால் கதவு ஒருக்களித்துக் கிடக்கிறது, பெட்டி திறந்து கிடக்கிறது, மனைவியின் வளையல்கள் போயிருக்கின்றன. பூட்டில் கீறல் இல்லை, நெம்பின தடம் இல்லை. பூட்டுக்காரர் பூட்டிய பூட்டைக் கீறல் இல்லாமல் திறக்க ஊரில் இன்னொரு கைதான் உண்டு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தான் எடுக்கவில்லை என்று தம்பி அழுதான். பிறகு ஒரு வார்த்தை சொன்னான். “அண்ணே, நீ சரியாப் பூட்டாம போயிருப்ப.” அதற்குத்தான் அறை விழுந்தது. திருடியதைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பார், தன் பூட்டைக் குறை சொன்னதை அவரால் பொறுக்க முடியவில்லை. பண்டிகை நாளும் அதுவுமாகத் தம்பியை வெளியே தள்ளி, உள்ளே பூட்டி, சாவியை முன்னணையின் வைக்கோலில் குழந்தை இயேசுவின் பக்கத்தில் வைத்தார். “இனிமே இந்த வீட்டை நீர்தான் காக்கணும்” என்று ஜெபம் பண்ணினார். அடுத்த வருஷமும் அப்படியே செய்தார். அதற்கடுத்த வருஷம் அது வழக்கமாகிவிட்டது. உலகத்துக்கு வாசலை அடைத்து ஆண்டவருக்குத் திறந்த குடும்பம் என்று போதகரே ஒரு தரம் பிரசங்கத்தில் பாராட்டினார். பூட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பணிவு என்று நினைத்தார்கள்.

தம்பி ஊரைவிட்டே போனான். பூட்டு வேலை செய்கிறவன் திருடன் என்று பேர் வாங்கினால் யார் வீட்டுச் சாவியைக் கையில் கொடுப்பார்கள்? பஸ் போய் நிற்கிற கடைசி ஊரில் அடுப்பு ரிப்பேர் பார்ப்பதாகக் கேள்வி. அவன் பேரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

படுக்கும் முன் மனைவியிடம் மெதுவாக விட்டுப் பார்த்தார்.

“இந்த வருஷமும் கை வைக்கப் போறாங்கன்னு தோணுது.”

“யாரு?”

“யாரோ. நம்ம சர்ச்சுல இருக்கற நேரம் பாத்து.”

அவள் போர்வையை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

“உங்களுக்கு எதப் பாத்தாலும் திருட்டாத்தான் தெரியும். பண்டிகை வருது, மனசக் கொஞ்சம் தெறந்து வைங்க.”

“தெறந்து வச்சா என்னாகும்னு உன் வளையலக் கேளு.”

“நான் அந்த வளையல நெனச்சு ஒரு நாளும் அழுததில்ல” என்றாள் அவள் சட்டென்று. “வேற ஒண்ணை நெனச்சு அழுதிருக்கேன். நீங்க கேட்டதில்ல.”

அவர் அப்போதும் கேட்கவில்லை. அவர் மனசெல்லாம் பொட்டலத்திலும் சோப்பிலும் இருந்தது.

பண்டிகைக்கு முதல் நாள் மகனும் பெண்கள் இருவரும் சர்ச்சை அலங்கரிக்கப் போனார்கள். பூட்டுக்காரர் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கதவை விரியத் திறந்து வைத்துப் பூட்டைக் கழற்றினார். உள்ளே இருந்த தகடுகளை வரிசை மாற்றி அடுக்கினார். புதுசாக ஒரு சாவி வெட்டி, அரத்தால் பதம் பார்த்து, பென்சில் தூள் தடவிப் போட்டார். பூட்டின் நாக்கு சத்தமில்லாமல் வெளியே வந்து சத்தமில்லாமல் உள்ளே போனது. திருப்பத்தின் முடிவில் மட்டும் ‘களக்’. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவருக்கே பெருமையாக இருந்தது. பழைய சாவி உள்ளே போகும், திரும்பாது. வருகிறவன் நின்று மல்லுக்கட்டுவான். ஆராதனை முடிந்து கொஞ்சம் முன்னால் கிளம்பி வந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். பிடித்த பிறகு மருமகள் எந்த முகத்தை வைத்துக்கொள்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

திறந்த கதவில் எத்தனையோ தரம் போட்டுப் பார்த்தார். மூடிய கதவில் ஒரு தரமும் பார்க்கவில்லை. பார்க்கிற ஆளா அவர்?

விடியற்காலை இருட்டில் மணி அடிக்கத் தொடங்கியது. மழை சாய்த்து அடித்தது. “நீங்க முன்னால போங்க, நான் பூட்டிட்டு வர்றேன்” என்றார். மனைவி தயங்கினாள், கதவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அந்தப் பார்வையையும் பூட்டுக்காரர் குறித்துக்கொண்டார். ஒரு கையில் குடை. மறு கையால் கதவை இழுத்தார். அது வழக்கம்போல் முக்கி, ஓரிடத்தில் இறுகி நின்றது. சாவியைப் போட்டுத் திருப்பினார். ‘களக்.’

திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ஆராதனையில் அவர் எதையும் கேட்கவில்லை. பாட்டுக்கு எழுந்தார், ஜெபத்துக்கு முழங்காலிட்டார், கண்ணை மட்டும் மூடவில்லை. மருமகள் கணீரென்று பாடிக்கொண்டிருந்தாள். கள்ளிக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்! மனைவிதான் நிலைகொள்ளாமல் இருந்தாள். கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு வாசல் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். உதடு எதையோ முணுமுணுத்தபடி இருந்தது. அவளுக்கும் தெரியும் போலிருக்கிறதே என்று முதல் தடவையாக அவருக்கு உறைத்தது. ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும் முன்பே குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பின்னாலேயே மனைவி ஓடி வந்தாள். அவள் ஓடுவதைப் பார்த்து மகனும் மருமகளும் ஓடி வந்தார்கள்.

வெளுக்கத் தொடங்கியிருந்தது. சந்து திரும்பியதுமே பார்த்துவிட்டார். வாசற்படியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒரு கையால் கதவின் கைப்பிடியை இழுத்துப் பிடித்து, காலை நிலைக்கு முட்டுக்கொடுத்து, தொப்பலாக நனைந்து.

“பிடிச்சேன்!” என்று கத்திக்கொண்டே பாய்ந்தார். “எந்திரிடா!”

அவன் முகத்தை நிமிர்த்தினான். தாடியெல்லாம் நரைத்திருந்தது. பூட்டுக்காரர் நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“வந்துட்டியாண்ணே” என்றான் தம்பி. பல் தந்தியடித்தது. “சீக்கிரம் உள்ள போய்ப் பாத்துக்க. எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்க. நான் உள்ள கால் வைக்கல.”

“சாவி எங்கடா? எடு சாவிய.”

தம்பி சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். புதுப் பித்தளை. பூட்டுக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். சோப்பு அச்சிலிருந்து வெட்டியது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அவ்வளவு சுத்தம். பழைய பூட்டாக இருந்தால் வெண்ணெயாகத் திறந்திருக்கும்.

“அவர ஒண்ணும் சொல்லாதீங்க!” மனைவி மூச்சிரைக்க வந்து நடுவில் நின்றாள். “நான்தான். சோப்புல பதிச்சது நான்தான். நம்ம சோப்பு கல்லு மாதிரி இருக்கு, பதியல. அவ சோப்ப எடுத்தேன். பொட்டலம் கட்டி அவகிட்டயே குடுத்து பஸ்ல அனுப்பச் சொன்னேன். பாவம், அவளுக்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாது.”

“அத்தை, அது என் சோப்பா!” என்றாள் மருமகள்.

“எதுக்கு?” பூட்டுக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். “எதுக்குடி இந்த வேலை?”

“எதுக்கா? அவர் உள்ள வந்து உக்காந்திருக்கணும்னுதான். நம்ம வந்ததும் நீங்க பூட்டுவீங்க, சாவிய முன்னணையில வைப்பீங்க. வச்சுட்டா பொழுது சாயற வரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாது. உங்க வழக்கம்தானே? அவர் உள்ள இருந்தா உங்களால வெளிய தள்ள முடியாது. உங்க வழக்கத்தையே வச்சு, உங்க ஆண்டவர் முன்னாலயே உங்கள மடக்கிடலாம்னு பாத்தேன்.” அவள் அழத் தொடங்கினாள். “ஒரு நாள். ஒரே ஒரு நாள் எல்லாரும் ஒரு மேஜையில உக்காந்து சாப்பிடணும்னு கேட்டேன் ஆண்டவர்கிட்ட. உங்ககிட்ட கேட்டா கெடைக்காதுன்னு தெரியும்.”

பூட்டுக்காரர் தம்பியைப் பார்த்தார். “சரி, வந்த. சாவி திரும்பல. பூட்டு மாத்தினது தெரிஞ்சுதுல்ல? அப்பவே போயிருக்கலாம்ல? ஏன் இங்க உக்காந்திருக்க?”

“போலாம்னுதான் நெனச்சேன். சாவிய உருவிட்டு நிமிர்றப்ப கதவுல கை ஊனினேன். தெறந்துக்கிச்சு.”

“என்ன?”

“கதவு பூட்டலண்ணே.”

“வாய மூடுடா! நான் பூட்டினேன். சத்தம் கேட்டேன்.”

தம்பி எழுந்து கைப்பிடியை விட்டு விலகினான். அவன் கையை எடுத்ததும் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. கதவு முனகிக்கொண்டு தானாக உள்பக்கம் திறந்துகொண்டது. பூட்டின் நாக்கு முழுசாக வெளியே நீட்டிக்கொண்டு பழிப்புக் காட்டியது. ஊறிப்போன கதவு சட்டத்தில் முழுசாகப் போய்ப் பொருந்தாமல், ஒரு விரற்கடை முன்னாலேயே இறுகி நின்றிருக்கிறது. நாக்கு சட்டத்தின் குழிக்குள் போகாமல் வெறும் காற்றில் நீண்டிருக்கிறது. சத்தம் மட்டும் அதே சத்தம்.

“இழுத்து சாத்திட்டுப் போலாம்னு பாத்தேன், நிக்கல. காத்து தள்ளித் தள்ளித் தெறக்குது” என்றான் தம்பி. “தெறந்த வீட்ட விட்டுட்டு எப்படிண்ணே போறது? எவனாச்சும் பூந்து எதையாச்சும் எடுத்துட்டுப் போனா? இங்க எது காணாம போனாலும் நான்தானே எடுத்தேன்னு ஆகும். உள்ள போகவும் பயம், விட்டுட்டுப் போகவும் பயம். அதான் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்.”

பூட்டுக்காரர் கதவோரத்தைத் தடவினார். விரலில் ஈர மரத்தூள் ஒட்டியது. அந்த வருஷமும் இப்படித்தான் மழை. அந்தத் திருட்டுக்குப் பிறகு புதுப் பூட்டுப் போடும்போது கதவு ஒட்டுகிறது என்று இழைப்புளி வைத்து இந்த ஓரத்தைச் சீவியது அவருக்கு நன்றாக ஞாபகம் வந்தது. சுருள் சுருளாக ஈரச் சிராய் விழுந்தது. தவழ்ந்து வந்த குழந்தை ஒரு சுருளை எடுத்து வாயில் போட்டது, மனைவி விரலை விட்டு எடுத்தாள். கதவு ஒட்டியது அவருக்கு அன்றைக்கே தெரியும். கையாலேயே சீவியிருக்கிறார். அப்போதும் புத்திக்கு எட்டவில்லை. யார் வந்து எடுத்தார்களோ, இன்றுவரை தெரியாது. எவனோ போகிற போக்கில் தள்ளிப் பார்த்திருப்பான், திறந்திருக்கும்.

“அன்னிக்கே சொன்னேல்ல நீ” என்றார்.

“சொன்னேன்.”

“நான் அடிச்சேன்.”

“ஆமா” என்றான் தம்பி. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவருக்கு.

படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மழை தலையில் விழுந்தது. மகன் குடை பிடிக்க வந்தான், தள்ளிவிட்டார். இத்தனை வருஷம் உள்ளே பூட்டிக்கொண்டு இந்த வீட்டைக் காத்தருளும் என்று மன்றாடினாரே, அந்த ஜெபமெல்லாம் எங்கே போயிருக்கும்? காக்கிறவனை வெளியே தள்ளிவிட்டு அல்லவா கேட்டுக்கொண்டிருந்தார்! கிழவர் குலுங்கிக் குலுங்கி அழுதார், தெருவில், பண்டிகைச் சட்டையோடு.

“எந்திரிண்ணே. யாராச்சும் பாக்கப் போறாங்க” என்றான் தம்பி.

“பாக்கட்டும்.”

மருமகள்தான் இரண்டு பேரையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். தம்பி நிலையருகே வந்ததும் நின்றான். தரையெல்லாம் ஈரமாகும் என்றான். “ஆகட்டும், உள்ள வாடா” என்றார் பூட்டுக்காரர்.

துண்டு வந்தது, மகனுடைய சட்டை வந்தது, டீ வந்தது. பூட்டுக்காரரின் கண் பழக்கதோஷத்தில் பெட்டியின் பக்கம் ஒரு தரம் போய்த் திரும்பியது. அதற்காகத் தன்னையே மனசுக்குள் திட்டிக்கொண்டார். அவ்வளவு சீக்கிரம் போகிற வியாதியா அது?

மகன் பழக்கப்படி கதவைச் சாத்தத் தோளைக் கொடுத்தான்.

“விடு” என்றார்.

“சாவி வைக்கணுமேப்பா?”

பூட்டுக்காரர் குடிலின் முன்னால் முழங்காலிட்டார். புதுச் சாவியை வைக்கோலில் வைத்தார். தம்பி வெட்டிய சாவியையும் பக்கத்தில் வைத்தார். ஒன்று திறக்காத சாவி, மற்றொன்று பூட்டாத சாவி. வேதப் புத்தகத்தை விரித்து, வருஷா வருஷம் கணீரென்று வாசிக்கிற இடத்தை வாசிக்கத் தொடங்கினார். நிறைமாதக் கர்ப்பிணியும் புருஷனும் சத்திரத்து வாசலில் வந்து நின்று, உள்ளே இடமில்லாமல் போகிற இடம் வந்தது. பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இத்தனை வருஷம் இதைத்தானே வாசித்தோம் என்று நினைத்தார். சத்திரக்காரனைத் திட்டி ஒரு தரம் ஜெபம்கூடப் பண்ணியிருக்கிறார். புத்தகத்தை மருமகளிடம் நீட்டினார்.

“நீ படிம்மா. என்னால ஆகல.”

அவள் படித்தாள். இடையில் காற்று கதவை அடித்துச் சாத்தப் பார்த்தது. தம்பி திடுக்கிட்டு டீயைச் சிந்தினான். பூட்டுக்காரர் எழுந்து போனார். அலமாரி அடியில் கிடந்த பெரிய இரும்புப் பூட்டை, கிடங்குகளுக்குப் போடுகிற கனத்த பூட்டு அது, இரண்டு கையாலும் தூக்கி வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தார். கதவு விரியத் திறந்து நின்றது. ஈரக் காற்று உள்ளே வந்து குடிலின் வைக்கோலை அசைத்தது.

“ஆண்டவரே” என்று ஆரம்பித்தார். வழக்கமாகச் சொல்கிற நீண்ட ஜெபம் வரவில்லை. “பூட்டிட்டேன்னு நெனச்சேன். நீர் பூட்டவிடல. ஸ்தோத்திரம்.” அவ்வளவுதான். அவர் ஆயுசில் பண்ணிய ஜெபங்களிலேயே சின்னது அதுதான், அவருக்கே கேட்கும்படியாகப் பண்ணியதும் அதுதான்.

கோழியும் ரொட்டியும் கேக்கும் மேஜைக்கு வந்தன. தம்பி அண்ணன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டான். மனைவி அவன் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள், போதும் அண்ணி என்றாலும் கேட்கவில்லை.

அப்போது வாசலில் நிழல் தட்டியது. எதிர்க்கடைத் தையல்காரர். இத்தனை வருஷப் பழக்கத்தில் பண்டிகை நாளில் இந்த வீட்டுக்குள் எட்டிப்பார்க்காதவர். குடையை மடக்கிக் கையில் கம்பு மாதிரி பிடித்திருந்தார்.

“என்னண்ணே, கதவு ஆன்னு தெறந்து கெடக்குது! திருடன் பூந்துட்டானோன்னு பதறிப்போய் ஓடி வர்றேன்.”

தம்பியின் கை தட்டிலேயே நின்றது.

பூட்டுக்காரர் எழுந்து தம்பியின் தோளில் கையை வைத்தார். அழுத்தி வைத்தார்.

“பூந்துட்டான்யா. ரொம்ப வருஷமா உள்ளதான் இருக்கான். நான்தான் அது. வெளியில நின்னு காவல் காத்தவன் இவன்.” பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “குடைய வச்சுட்டு வந்து உக்காரு, சாப்பிடலாம்.”

தையல்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்பியின் முகத்தை உற்றுப் பார்த்தார், அடையாளம் தெரிந்து வாயைத் திறந்தார், பூட்டுக்காரர் மனைவி கண்ணைக் காட்டியதும் மூடிக்கொண்டார். குடையை மூலையில் சாத்திவிட்டு உள்ளே வந்தவர், பழக்க வேகத்தில் கதவை இழுத்துச் சாத்தப் போனார். காலில் பூட்டு இடறியது.

“அத எடுக்காத” என்றார் பூட்டுக்காரர். “இன்னும் யாராச்சும் வருவாங்க.”